இழைத்த கட்டையா, மாற்றிய கட்டையா? பழைய லீ-என்ஃபீல்டு வாங்கும் முன்

டொரண்டோவின் ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், துப்பாக்கி உரிமம் கைக்கு வந்த மறுவாரமே மூன்று ரைபிள்களைப் பார்த்து வைத்துவிட்டு என்னை அழைத்தார். மூன்றும் பிரிட்டிஷ் ராணுவ ரைபிள் வகையான லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 ஸ்டார். மூன்றும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருந்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தவை.

"அண்ணா, ஒன்றுதான் வாங்க முடியும். இரும்பு மூன்றிலும் நன்றாகத்தான் இருக்கிறது. மரம்தான் குழப்புகிறது. எதில் இருப்பது ஒரிஜினல் கட்டை?"

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு மட்டும் விடை தேடினால் தவறான துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். என் அப்பா நாகர்கோவிலில் தச்சு வேலை செய்தவர். மரத்தின் வயதை அதன் மேல்தோலில்தான் பார்க்க வேண்டும் என்பார். பழைய ராணுவத் துப்பாக்கிக்கும் அது பொருந்தும். கட்டை எங்கே செய்யப்பட்டது என்பது ஒரு கேள்வி. அதன் மேல்பரப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதுதான் பெரியது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மூன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 1943 முத்திரை உள்ளது. "முழுவதும் ஒரிஜினல்" என்று சொல்லி விற்கிறார்கள். கட்டை பளபளவென்று, ஒரே நிறத்தில், பார்த்ததும் கையில் எடுக்கத் தூண்டும். விலையும் மற்றவற்றைவிட அதிகம். இரண்டாவது 1942. முன்கட்டை ஒரு நிறம், பின்கட்டை வேறு நிறம், ஓரிடத்தில் மரத்துண்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள், எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கறுத்திருக்கிறது. மூன்றாவது 1944. வேட்டைக்காக யாரோ முன்கட்டையைப் பாதியில் அறுத்துவிட்டார்கள். மிக மலிவு. "புதுக் கட்டை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னாராம்.

இந்த ரைபிளின் மரம் ஒரே துண்டு அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். தோளில் பதியும் பின்கட்டை தனி. அதை ஒரு நீண்ட போல்ட் உள்ளே ஓடி இரும்போடு இறுக்கிப் பிடிக்கிறது. குழலுக்கு அடியில் முனைவரை ஓடும் முன்கட்டை தனி. குழலுக்கு மேலே கை சுடாமல் இருக்க இரண்டு மேல்மூடிகள். ஆக நான்கு துண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக உடையலாம், தனித்தனியாக மாற்றப்படலாம்.

நிறம் ஒன்றாக இருந்தால் ஒரிஜினல், வேறாக இருந்தால் மாற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள். போர்க்காலத் துப்பாக்கியில் இது நேர்மாறாகவும் இருக்கலாம். லாங் பிராஞ்ச் ஆலையை நடத்திய ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் 1940இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 1941இல் முதல் ரைபிள்கள் வெளிவந்தன. போர் முடிவதற்குள் சுமார் 9 லட்சம் செய்து அனுப்பினார்கள், அதில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு. அந்த வேகத்தில் வால்நட் மரம் ஒன்றையே நம்பியிருக்க முடியாது. பிர்ச்சும் மேப்பிளும் வந்தன. வால்நட் முன்கட்டைக்கு பிர்ச் மேல்மூடி பொருந்தினால் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். ஆகவே நான்கு துண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல ஒரே நிறத்தில் மின்னினால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. பிற்காலத்தில் யாரோ உப்புத்தாள் போட்டு, சாயம் ஏற்றி, ஒன்றாக்கியிருக்கலாம்.

சனிக்கிழமை முதல் துப்பாக்கியைப் பார்க்கப் போனோம். தோட்டா அறை காலியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, நான் எழுத்தையும் எண்ணையும் பார்க்கவில்லை. பின்கட்டையின் அடியில் உள்ள உலோகத் தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டினேன். ஆலையில் தகடும் மரமும் ஒரே மட்டத்தில் இழைக்கப்பட்டிருக்கும். விரலுக்குத் தடை தெரியாது. இங்கே தகட்டின் விளிம்பு நகத்தில் இடறியது. மரம் தகட்டைவிட ஒரு நூல் உள்ளே போயிருந்தது. மரம் எண்பது ஆண்டுகளில் கொஞ்சம் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் சுருக்கம் ரேகைக்குக் குறுக்காக வரும், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வராது. சுற்றிலும் சமமாக உள்ளே போயிருந்தால் அது உப்புத்தாளின் வேலை. திருகாணித் தலைகளும் மரத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன.

அடுத்து முத்திரை. கனடா ராணுவம் ஏற்றுக்கொண்ட பொருளில் 'சி' எழுத்துக்குள் ஓர் அம்பு இருக்கும். அது பின்கட்டையின் வலப்பக்கத்தில் பதிந்திருக்க வேண்டும். தேடிப் பிடித்தோம். 'சி'யின் கீழ்வளைவு இருந்தது, அம்பின் முனை இல்லை. ஆலையின் 'எல்பி' முத்திரை மங்கிய நிழலாகத் தெரிந்தது. தம்பிக்கு முகம் மலர்ந்தது: "அப்படியானால் ஒரிஜினல்தானே அண்ணா?"

ஒரிஜினல்தான். விற்பவர் பொய் சொல்லவில்லை. மரம் அந்த ஆலையுடையது, அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததாகவும் இருக்கலாம். ஆனால் 1943இல் தொழிலாளியின் கை கடைசியாகத் தொட்ட பரப்பு இப்போது தூசியாக எங்கோ போய்விட்டது. ஆய்வாளரின் முத்திரை, படைவீரனின் கீறல், பல ஆண்டுகள் ஏறிய ஆளிவிதை எண்ணெய் எல்லாம் மேலிருந்த அந்த அரை மில்லிமீட்டரில்தான் இருந்தன. அதற்குப் போய் அதிக விலை கொடுப்பதா?

இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக வாங்கிய லீ-என்ஃபீல்டைக் 'கறுத்துக் கிடக்கிறதே' என்று வருந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். மரம் அழகாக வெளுத்தது. மாலையில் முன்கட்டையின் முனையைத் திருப்பிப் பார்த்தபோது அங்கே இருந்த வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த எண்ணைத் திரும்ப வரவழைக்க இன்றுவரை எனக்கு வழி கிடைக்கவில்லை. அந்தத் துப்பாக்கியை விற்க மனம் வராமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவதுக்கு வருகிறேன். இதைத்தான் தம்பி பட்டியலில் கடைசியில் வைத்திருந்தார். பார்ப்பதற்கு அழகில்லைதான். பின்கட்டை பிர்ச். 'சி'யும் அம்பும் முழுதாக, விளிம்பு மழுங்கி, உள்ளே அழுக்கு உறைந்து இருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். கட்டையின் மேனி தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோலக் கூர்மையாக இருந்தால் நம்பாதீர்கள். அமெரிக்க ரைபிள்களில் ஆய்வாளரின் கட்டம் போட்ட முத்திரைக்குத் தனி விலை உண்டு. அதனாலேயே புதிதாகச் செய்த அச்சை வைத்துப் பழைய கட்டையில் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

விற்பவரிடம் அனுமதி கேட்டு முன்கட்டையைக் கழற்றினோம். கேட்காமல் ஒரு திருகாணியையும் தொடக் கூடாது. கழற்றத் தெரியாவிட்டால் கேட்கவும் கூடாது. முதல் உலகப் போர்க் கால லீ-என்ஃபீல்டு நம்பர் 1 ரைபிளில், பின்கட்டை போல்ட்டின் சதுரமான முனை முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பின்னால் பிளந்துவிடும். நூறாண்டு தாங்கிய மரம் அரை நிமிடத்தில் போய்விடும்.

வெளியே வந்த முன்கட்டை வால்நட். அதன் பின்நுனியில் குறுக்காக ஒரு சிறு திருகாணி ஓடியது. அதைப் பார்த்ததும் இது 1942இன் கட்டை அல்ல என்று தெரிந்தது. போருக்குப் பின் வந்த நம்பர் 4 மார்க் 2 ரைபிளில் விரலால் இழுக்கும் விசையை (டிரிகரை) நேராக இரும்பு உடலிலேயே தொங்கவிட்டார்கள். அதற்கு முன்னால் அது அடியில் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் இருந்தது. இந்த மாற்றத்துக்காக முன்கட்டையின் பின்பகுதியில் இடம் வெட்டி, பலவீனமான அந்த இடத்தைத் திருகாணியால் கட்டினார்கள். அந்த வகைக் கட்டை பழைய மார்க் 1 ஸ்டாரின் மேல் உட்கார்ந்திருந்தால், பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

"அப்போது இது ஒரிஜினல் இல்லை" என்றார் தம்பி.

முன்கட்டையின் முனையைத் திருப்பிக் காட்டினேன். அங்கே ஓர் எண் அடித்து, அதன் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்து, கீழே வேறோர் எண் அடித்திருந்தார்கள். கீழே இருந்தது இந்தத் துப்பாக்கியின் எண். இரும்பு உடலில் இருப்பதும், தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட்டின் கைப்பிடியில் இருப்பதும் அதுவே. நடுவில் 'எல்' எழுத்து வரும் லாங் பிராஞ்ச் வகை எண். படைத்தளத்தில் பழுதுபார்ப்பவர் ஒருவர் வேறு துப்பாக்கியின் கட்டையை எடுத்து, இதற்கு இழைத்துப் பொருத்தி, பழைய எண்ணை ரத்து செய்துவிட்டுப் புது எண்ணை இட்டிருக்கிறார். இடப்பக்கம் ஒட்டியிருந்த துண்டும் அவர் மாதிரி ஒருவரின் கைவேலைதான். ரேகை ஓடும் திசை பார்த்து, ஓரத்தைச் சாய்வாக வெட்டி, முளை அடித்து உட்காரவைத்திருந்தார். என் அப்பா பார்த்திருந்தால் தடவிப் பார்த்துத் தலையசைத்திருப்பார். வீட்டில் கோந்தும் மரத்தூளும் குழைத்து அடைப்பவர் கை இப்படிப் போகாது.

எனக்கு இதுதான் ஒரிஜினல். ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இல்லை, ஆனால் படையிலிருந்து வெளியேறிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இந்த ரைபிள்கள் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உடைந்தால் மாற்றுவது அவற்றின் வாழ்க்கையில் ஒரு பகுதி. விலை குறைவாக வருவதால் தரமும் குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

நம்பர் 1 ரைபிள்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். நம் ஊரில் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 இந்தக் குடும்பம்தான். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இஷாப்பூர் ஆலையில், முன்கட்டை பிளக்காமல் இருக்க மகசினுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) முன்னால் குறுக்காக ஒரு திருகாணி போட்டார்கள். சேகரிப்பாளர்கள் இதை இஷாப்பூர் திருகாணி என்றே அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் செய்து இந்தியப் படையில் உழைத்த பழைய ரைபிள்களிலும் பிற்பாடு இதைப் போட்டார்கள். ஆகவே பர்மிங்ஹாம் முத்திரை உள்ள 1917 ரைபிளில் இந்தத் திருகாணியைக் கண்டால் 'போலிக் கட்டை' என்று ஒதுக்கக் கூடாது. அது இந்தியாவுக்கு வந்து உழைத்த தடயம். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையிலோ உள்ளூர் மரத்தை நாடினார்கள். குவீன்ஸ்லாந்து மேப்பிள், பிறகு கோச்வுட். வால்நட்டைவிட மென்மையான அந்த மரம் வெடிவிசையின் அடியில் நசுங்கியதால், இரும்பு வந்து முட்டும் இடத்தில் செம்புத் தகடு வைத்தார்கள். லித்கோ கட்டையைக் கழற்றினால் அந்தச் செம்பு மின்னும். வால்நட் போட்ட லித்கோவும் உண்டு. எனவே ஆண்டைப் பார்க்காமல் மரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

மூன்றாவது, அறுத்த ரைபிள். போருக்குப் பின் உபரி ஆயுதங்கள் மலிந்து கிடந்த காலத்தில், மான் வேட்டைக்கு எடை குறைய வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவற்றை இப்படி அறுத்தார்கள். அறுத்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்று அது சந்தையில் எளிதாகக் கிடைத்த கருவி, அவ்வளவுதான்.

இதை மீட்க இரண்டு வழி. ராணுவக் கிடங்கில் பயன்படுத்தாமல் கிடந்த பழைய உதிரிக் கட்டையைத் தேடுவது ஒன்று. இப்போது புதிதாகக் கடைந்து விற்கும் நகல் கட்டையை வாங்குவது மற்றொன்று. பழைய உதிரிக் கட்டை உண்மையான ராணுவ மரம். இந்தத் துப்பாக்கியோடு பிறக்கவில்லை, ஆனால் இதே வகைக்காகப் பிறந்தது. நகல் கட்டையை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. முத்திரை இருக்காது. உட்பள்ளத்தின் ஓரங்கள் எந்திரக் கூர்மை மாறாமல் இருக்கும். முக்கியமாக, உள்ளே இரும்பு பதிந்த தடம் இருக்காது. ஐம்பது ஆண்டு இரும்பைச் சுமந்த மரத்தில் குழலின் நிழல் கறுப்பாக விழுந்திருக்கும். திருகாணி வளையம் அழுத்திய வட்டம் தெரியும். குறுக்குவெட்டு முனைகள் எண்ணெயைக் குடித்துக் கறுத்திருக்கும். வெளியே சாயம் பூசிப் பழசாக்கலாம். உள்ளே அப்படிச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

ஏற்கெனவே மீட்டு விற்கப்படும் ரைபிளை வாங்குபவர்கள் கட்டாயம் குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் நடுவளையத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அறுபட்ட முன்கட்டையோடு வேறொரு முன்பாதியை ஒட்டினால், ஒட்டின் கோட்டை மறைக்க அந்த வளையத்தைவிட வசதியான இடம் கிடையாது. ஜெர்மானிய மவுசர் ரைபிள்களிலும் இதே இடத்தில் வெட்டு இருக்கும். போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பைக்குள் அடங்குவதற்காகக் கட்டையை வளையத்துக்கு அடியில் அறுத்து எடுத்துப் போனார்கள். அந்த வெட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று மதிப்பவர்கள் உண்டு. விலை பேசும்போது அது சொல்லப்பட வேண்டும், அவ்வளவே.

மலிவு விலையில் ஏமாந்துவிடக் கூடாது. முன்கட்டை, இரண்டு மேல்மூடி, வளையங்கள், திருகாணிகள் என்று சேர்த்தால் இரண்டாவது ரைபிளின் விலையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் பொருத்தும் வேலை இருக்கிறது. நம்பர் 4இல் முன்கட்டையின் முனை, குழலை அடியிலிருந்து 2 முதல் 7 பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்க வேண்டும். பின்னால், வெடிவிசையை வாங்கும் இரண்டு தோள்களும் இரும்பில் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். ஒன்று முட்டி மற்றொன்று முட்டாவிட்டால் நாலு பெட்டித் தோட்டாவுக்குள் மரம் வெடிக்கும். உளியும் பொறுமையும் உள்ளவருக்கு இது இன்பமான வேலை. நான் இரண்டு செய்திருக்கிறேன், இரண்டும் ஒரு குளிர்காலத்தை எடுத்துக்கொண்டன. குழந்தை பிறந்து நாலு மாதமான தம்பிக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

ஆக, என்ன வாங்குவது? பார்ப்பதற்கு மட்டும் சுவரில் மாட்டுபவர் முதலாவதை வாங்கலாம், ஆனால் 'இழைத்த கட்டை' என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். எண் எல்லாம் ஒத்து, மேல்பரப்பும் தொடப்படாமல் ஒன்று கிடைத்தால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு அதற்குக் கூடுதலாகவே கொடுக்கலாம். நானும் கொடுப்பேன். கையில் கருவியும் நேரமும் உள்ளவர் மூன்றாவதை எடுக்கட்டும், ஒரு ரைபிளைக் காப்பாற்றிய நிறைவு கிடைக்கும். சுடவும் வேண்டும், பிள்ளைக்குக் காட்டிக் கதை சொல்லவும் வேண்டும் என்பவருக்கு இரண்டாவதுதான்.

தம்பி இரண்டாவதை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் பின்கட்டையின் அடித்தகட்டில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எண்ணெய்ப் புட்டி வைக்கும் அந்தப் பொந்துக்குள் யாரும் வார்னிஷ் அடிப்பதில்லை. பழைய ஆளிவிதை எண்ணெயின் வாசனை, கொஞ்சம் மாம்பலகைப் பெட்டியைத் திறந்த மாதிரி, கெட்டியாக வந்தது. ஒரு பள்ளத்தைக் காட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுத்தால் மேலே வந்துவிடுமாமே என்று கேட்டார். வரும். ஆனால் பக்கத்தில் முத்திரை இருந்தால் அதுவும் சேர்ந்து மேலே வந்து மங்கிவிடும். முத்திரையும் மரத்தை அழுத்திய பள்ளம்தானே. அந்தப் பள்ளம் 'சி'க்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. விட்டுவிட்டோம். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தோம்.

இன்னொன்றும் சொல்லிவைத்திருக்கிறேன். டொரண்டோவில் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் மரத்தை உலர்த்திச் சுருக்கும். மார்க் 1 ஸ்டாரில் விசை காப்பு வளையத்தில்தான் தொங்குகிறது. மரம் சுருங்கினால் வளையம் நகரும், விசையின் இழுப்பும் மாறும். ஜனவரியில் ஒருமுறை, வளையத்தின் முன்திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும்.